முதல் நாவலைப் பதிப்பகத்துக்கு அனுப்பும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதிப்பகங்களுக்கு வரும் நாவல் பிரதிகளைப் படித்துக் குறிப்பு எழுதித் தருவதும், தேறியவற்றைச் செப்பனிடுவதும் என் பிழைப்பு. முதல் நாவலை முடித்துவிட்டு ‘அடுத்து என்ன செய்யட்டும்?’ என்று கேட்பவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். தமிழில் எழுதி, தமிழ்ப் பதிப்பகத்துக்கு அனுப்புகிறவர்களுக்கானது இது. ஆங்கிலப் பதிப்பகங்களின் நடைமுறை வேறு.

நாவல் முடிந்துவிட்டது. உடனே அனுப்பிவிடலாமா?

வேண்டாம். ‘முற்றும்’ போட்ட சூட்டில் எழுதியவருக்குத் தன் பிரதியில் எதுவுமே கண்ணில் படாது. ஒன்றிரண்டு மாதம் தொடாமல் வையுங்கள். அப்புறம் ஏ4 தாளில் அச்செடுத்து, பேனாவுடன் உட்கார்ந்து படியுங்கள். உரையாடல் வரும் இடங்களையாவது வாய்விட்டுப் படிக்க வேண்டும். திரையில் வழுக்கிக்கொண்டு போன வாக்கியங்கள் பல அப்போதுதான் மாட்டும்.

நடையைப் பார்ப்பதற்கு முன் காலக்கணக்கைப் பாருங்கள். ஆடி மாதத்தில் முகூர்த்தம் வைத்த நாவல் ஒன்று என் மேசைக்கு வந்தது. ஆடியில் கல்யாணமே நடக்காது என்றில்லை. ஆனால் அந்தக் கிராமத்தில் ஒரு கிழவிகூட அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, அதுதான் இடித்தது. 1993இல் நடக்கும் கதையில் ஒருவன் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுப்பான். இந்தியாவில் முதல் செல்பேசி அழைப்பே 1995 ஜூலையில்தான். ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்த 2016 நவம்பர் 8ஆம் தேதிக்கு மறுநாள் மளிகைக் கடையில் ஆயிரம் ரூபாய் நோட்டை நீட்டிச் சில்லறை வாங்கிப் போகிற பாத்திரத்தையும் பார்த்திருக்கிறேன். ஒரு தனித் தாளில் பாத்திரங்களின் பெயர், பிறந்த ஆண்டு, ஒவ்வொரு அத்தியாயமும் நடக்கும் மாதம் ஆகியவற்றை வரிசையாக எழுதிப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தெரிந்துவிடும்.

நண்பர்களிடம் படிக்கக் கொடுக்கலாமா?

தாராளமாக. ஆனால் இரண்டு, மூன்று பேர் போதும். ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்றுதான் பதில் வரும். ‘எந்த இடத்தில் கீழே வைத்தாய்? யார் யாரென்று எங்கே குழம்பியது?’ என்று கேளுங்கள். மூன்று பேரும் ஒரே அத்தியாயத்தில் நின்றிருந்தால் கோளாறு அங்கேதான் இருக்கிறது. அதற்கு அவர்கள் சொல்லும் வைத்தியத்தை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பதிப்பகத்தில் முழு நாவலையும் படிப்பார்களா, முதல் சில பக்கங்களோடு சரியா?

முதல் இருபது பக்கங்களில் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். கேட்கக் கொடுமையாக இருக்கலாம், ஆனாலும் நியாயம்தான்; கடையில் புத்தகத்தைப் புரட்டுகிறவர் அவ்வளவுகூடக் கொடுப்பதில்லை.

முதல் நாவல்களில் முதல் அத்தியாயம் பெரும்பாலும் எழுத்தாளர் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்ள எழுதியதாகவே இருக்கும். விடிகிறது, சேவல் கூவுகிறது, ஊர் விரிகிறது, தாத்தா காலத்து நிலத் தகராறு நாலு பக்கம், அதற்குப் பிறகு கதாநாயகன் பல் விளக்குகிறான். முதல் அத்தியாயத்தைத் தூக்கிவிட்டு இரண்டாவதிலிருந்து படித்துப் பாருங்கள். எனக்கு வந்த பிரதிகளில் பாதிக்கு மேல் அப்படித் தொடங்கினால் நன்றாகவே நிற்கும். விட்டுப்போன தகவலில் நிஜமாகவே தேவையானதை இரண்டு வரியில் பின்னால் எங்காவது சொல்லிவிடலாம்.

இன்னொன்று. நான் முதல் இருபது பக்கத்தோடு, நடுவில் ஏதாவது ஓர் இடத்தையும் திறந்து பத்துப் பக்கம் படிப்பேன். ஆரம்பத்தை மட்டும் இழைத்து இழைத்து எழுதிவிட்டு மீதியை அப்படியே விட்டவர்கள் அங்கே அகப்பட்டுக்கொள்வார்கள்.

எந்த எழுத்துருவில், எந்த வடிவத்தில் அனுப்ப வேண்டும்?

யூனிகோடில் தட்டச்சு செய்த வேர்டு கோப்பு. கூடவே அதன் பிடிஎஃப். பிடிஎஃப் படிப்பதற்கு, வேர்டு கோப்பு, நாவல் தேறினால் வேலை செய்வதற்கு. எழுத்து அளவு 12, வரிக்கு வரி ஒன்றரை இடைவெளி, பக்க எண், ஒவ்வோர் அத்தியாயமும் புதுப் பக்கத்தில். இதற்கு மேல் அலங்காரம் எதுவும் வேண்டாம். பூப்போட்ட பார்டர், வண்ண எழுத்து, நீங்களே செய்த அட்டைப்படம் எல்லாம் படிக்கிறவரின் கவனத்தைக் கெடுக்கும், அவ்வளவுதான்.

பாமினி, வானவில் மாதிரியான பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்திருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற செயலிகள் அதைச் செய்யும். ஆனால் மாற்றியதும் அனுப்பிவிடாதீர்கள். ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும். மேற்கோள் குறிகளும் கிரந்த எழுத்துகளும் இடையிடையே கெட்டுப்போயிருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு பிழையைச் சொல்கிறேன். ‘கௌரவம்’ என்ற சொல்லில் ‘கௌ’ ஓர் எழுத்து. பலர் அதை ‘கெ’ என்று அடித்து, பக்கத்தில் ‘ள’ போட்டுவிடுவார்கள். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். ஆனால் கணினிக்கு அது ‘கெளரவம்’; தேடினால் கிடைக்காது, வரி முடிவில் ‘கெ’ மேலேயும் ‘ள’ கீழேயும் உடைந்து நிற்கும் அபாயமும் உண்டு. ‘சௌந்தரம்’, ‘மௌனம்’, ‘ஔவை’ எல்லாவற்றிலும் இதே கதைதான். தேடி மாற்றுங்கள், ஆனால் ‘அனைத்தையும் மாற்று’ பொத்தானை அழுத்தாதீர்கள். உங்கள் நாவலில் யாராவது கெளுத்தி மீன் குழம்பு வைத்திருந்தால் அந்த மீன் அதோடு தொலைந்தது.

கைபேசியில் குரல்வழி தட்டச்சு செய்தவர்கள் ல, ள, ழ மூன்றையும் தனியாக ஒருமுறை பார்க்க வேண்டும். ‘வழி தெரியாமல் நின்றாள்’ என்று நீங்கள் சொன்னதை அது ‘வலி தெரியாமல்’ என்று எழுதியிருக்கும். இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் எந்தப் பிழைதிருத்தியும் கோடு போட்டுக் காட்டாது.

கையெழுத்துப் பிரதியை அனுப்பலாமா?

இப்போது வாங்குகிறவர்கள் மிகக் குறைவு. பக்கத்து ஊர் டிடிபி கடையில் கொடுத்துத் தட்டச்சு செய்து வாங்குங்கள். கோப்பு யூனிகோடில் வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். மூலப் பிரதியை எக்காரணம் கொண்டும் அஞ்சலில் அனுப்பாதீர்கள்.

சந்திப் பிழை இருந்தால் நிராகரித்துவிடுவார்களா?

அதற்காக மட்டும் ஒரு நல்ல நாவலை யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். பெரும்பாலான பிரதிகளில் ஒற்று கண்டபடிதான் கிடக்கிறது. ஆனால் ‘அந்த பெண்’, ‘எழுதி தந்தான்’, ‘வீட்டை பார்த்தாள்’ என்று முதல் பக்கத்திலேயே பத்து இடம் இருந்தால், படிக்கிறவர் கதையை விட்டுவிட்டுப் பிழையை எண்ண ஆரம்பித்துவிடுவார். அது உங்களுக்கு நல்லதில்லை.

நீச்சல்காரன் உருவாக்கிய வாணி எழுத்துப்பிழைதிருத்தியும் நாவி சந்திப்பிழைதிருத்தியும் இணையத்தில் இருக்கின்றன. விவரணைப் பகுதிகளை அவற்றில் போட்டுப் பாருங்கள். பேச்சு வழக்கில் எழுதிய உரையாடலைப் போட்டால் பக்கம் முழுக்கச் சிவப்பாகும். அதைக் கண்டு பயந்து திருத்திவிடாதீர்கள்.

வட்டார வழக்கில் எழுதியிருக்கிறேன். வெளியூர்க்காரர்களுக்குப் புரியுமா?

புரியும். தமிழ் வாசகர் கரிசலும் கொங்கும் நாஞ்சில் நாடும் படித்துப் பழகியவர். சிக்கல் புரியாமல் போவதில் இல்லை, ஒரே ஆள் ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு மாதிரி பேசுவதில்தான் இருக்கிறது. 12ஆம் பக்கத்தில் ‘ஏனுங்க, சாப்புட்டீங்களா’ என்று கேட்ட அம்மா, 60ஆம் பக்கத்தில் ‘சாப்டீங்களா’ என்பார், 110ஆம் பக்கத்தில் ‘சாப்பிட்டீர்களா’ என்று மேடைத் தமிழுக்கு வந்துவிடுவார். எழுதியவர் வெவ்வேறு மாதங்களில் எழுதியது அப்படியே தெரியும்.

ஒரு தாளை எடுத்து, அடிக்கடி வரும் வினைகளையும் விளிகளையும் எப்படி எழுதப் போகிறீர்கள் என்று முடிவு செய்து குறித்துக்கொள்ளுங்கள். ‘வந்துட்டான்’ என்றா, ‘வந்திட்டான்’ என்றா? ‘அய்யா’வா, ‘ஐயா’வா? ‘செய்துகொண்டு’ என்று சேர்த்தா, ‘செய்து கொண்டு’ என்று பிரித்தா? எது சரி என்று என்னைக் கேட்காதீர்கள். ஒரு பாத்திரத்துக்கு ஒன்றை வைத்தால் கடைசிவரை அதுவே இருக்கட்டும். அப்பாவும் மகளும் வேறு வேறு மாதிரி பேசினால், அது நீங்கள் வேண்டுமென்றே செய்ததாக இருக்க வேண்டும். இந்தத் தாளைப் பிரதியோடு சேர்த்து அனுப்பினால் செப்பனிடுபவர் உங்களைக் கையெடுத்துக் கும்பிடுவார்.

பின்னிணைப்பாகச் சொல்லகராதி போடுவது எனக்கு உவப்பில்லை. சொல் வரும் இடத்திலேயே விளங்கும்படி காட்சியை எழுதலாம். தொழில் சார்ந்த சொற்கள் ஏராளமாக இருந்தால் மட்டும் ஒரு பக்கம் போடுங்கள்.

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். தமிழ்நாட்டுப் பதிப்பகத்துக்காக மொழியை மாற்ற வேண்டுமா?

கூடவே கூடாது. ‘கதைக்கிறார்’ என்பதைப் ‘பேசுகிறார்’ என்று மாற்றினால் அந்த மனிதரே மாறிவிடுவார். ஈழத்து நாவல்களைத் தமிழ்நாட்டுப் பதிப்பகங்கள் நெடுங்காலமாக வெளியிட்டு வருகின்றன. ‘ரீவி’ (டிவி), ‘ரொறன்ரோ’ (டொராண்டோ) போன்ற எழுத்துமுறையை அப்படியே வைத்திருக்க விரும்பினால் கடிதத்தில் ஒரு வரி சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் இங்கே யாராவது அதைப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடுவார்கள். உங்களுக்குரிய பிரதிகளை அனுப்பும் தபால் செலவு யாருடையது என்பதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

எத்தனை பக்கம் இருந்தால் நல்லது?

டெம்மி என்கிற புத்தக அளவில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 200 சொற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60,000 சொற்கள் என்றால் 300 பக்கம். இன்றைய தாள் விலையில் அது 350, 400 ரூபாய்ப் புத்தகம். முதல் நாவலே 800 பக்கம் என்றால் விலை ஆயிரத்தை எட்டும், பெயர் தெரியாத எழுத்தாளருக்கு யார் ஆயிரம் ரூபாய் கொடுப்பார்கள் என்று பதிப்பாளர் யோசிப்பார். அதற்காகக் கதையைக் குறுக்கச் சொல்லவில்லை. 800 பக்கம் தேவைப்படுகிற கதை என்று முதல் இருபது பக்கத்திலேயே அவருக்குத் தோன்ற வேண்டும்.

எந்தப் பதிப்பகத்துக்கு அனுப்புவது? முகவர் யாராவது இருக்கிறார்களா?

தமிழில் இலக்கிய முகவர் என்கிற பழக்கம் இல்லை. நேராகப் பதிப்பகத்துக்குத்தான். அதனால் ஒரு வசதியும் உண்டு: உங்கள் கடிதத்தைப் பெரும்பாலும் முடிவெடுக்கிற ஆளேதான் திறப்பார்.

உங்கள் அலமாரியில் இருந்து தொடங்குங்கள். கடந்த ஐந்தாண்டில் வெளியானவற்றில், உங்கள் நாவலுக்கு உறவுக்காரர்கள் என்று சொல்லத்தக்க புத்தகங்களை எடுத்து உரிமைப் பக்கத்தைப் பாருங்கள். அதில் முகவரி, மின்னஞ்சல் எல்லாம் இருக்கும். நாகர்கோவிலில் காலச்சுவடு, பொள்ளாச்சியில் எதிர் வெளியீடு, சென்னையில் உயிர்மை, கிழக்கு, யாவரும், ஜீரோ டிகிரி, பாரதி புத்தகாலயம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் இருக்கிறது. துப்பறியும் கதைக்கும் குடும்ப நாவலுக்கும் தனி வீடுகள் உண்டு. தீவிர இலக்கியம் மட்டுமே போடுகிறவருக்குச் சரித்திர சாகச நாவலை அனுப்பிவிட்டுப் பதில் வரவில்லை என்று வருத்தப்படுவதில் அர்த்தம் இல்லை. பிரதிகளை இப்போது வாங்குகிறார்களா என்பதை அவரவர் இணையதளத்திலோ தொலைபேசியிலோ உறுதி செய்துகொள்ளுங்கள்.

எப்போது அனுப்பினால் நல்லது?

பிப்ரவரி முதல் ஜூன் வரை. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: சென்னைப் புத்தகக் காட்சி. தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி 1977இல் தொடங்கிய அந்தக் காட்சி பொங்கலை ஒட்டி நடக்கிறது, தமிழ்ப் பதிப்பகங்களின் ஆண்டுக் கணக்கே அதை வைத்துத்தான் ஓடுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பதிப்பகத்தில் யாரும் யாரிடமும் பேசக்கூட மாட்டார்கள். மெய்ப்பும் அட்டையும் அச்சகமுமாக ஓடிக்கொண்டிருப்பார்கள். நவம்பரில் போன் செய்து ‘என் நாவல் ஜனவரிக்கு வந்துவிடுமா?’ என்று கேட்கிறவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். வந்துவிடும் என்று யாராவது சொன்னால், அவர் அதைப் படிக்காமல் போடப் போகிறார் என்று அர்த்தம்.

இப்போது மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. ஜனவரியை விட்டால் வாழ்வே இல்லை என்று அவசரப்பட வேண்டியதில்லை.

மின்னஞ்சலில் என்ன எழுத வேண்டும்?

சுருக்கமாக. இப்படி ஒரு கடிதம் வந்தால் நான் மகிழ்ச்சியாகப் பிரதியைத் திறப்பேன் (கற்பனைக் கடிதம்தான்):

“வணக்கம். என் முதல் நாவலைப் பரிசீலனைக்கு அனுப்புகிறேன். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது வேலையிழந்த ஒரு டையிங் மாஸ்டரும் அவர் மகளும் அந்த ஓராண்டைக் கடக்கும் கதை இது. 58,000 சொற்கள். இதுவரை எங்கும் வெளியாகவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சிற்றிதழ்களில் இரண்டு சிறுகதைகள் வந்துள்ளன. கதைச்சுருக்கமும் முழுப் பிரதியும் இணைத்திருக்கிறேன். என் கைபேசி எண் கீழே.”

எங்கே, எப்போது, யாருடைய கதை, எவ்வளவு நீளம், எழுதியவர் யார் எல்லாம் வந்துவிட்டன. நிஜத்தில் வரும் கடிதங்களில் ‘மானுட வாழ்வின் அவலங்களைத் தோலுரித்துக் காட்டும் காவியம்’ என்று இருக்கும், கதை எந்த ஊரில் நடக்கிறது என்பது இருக்காது. ‘தமிழில் இதுவரை யாரும் தொடாத களம்’ என்றும் எழுத வேண்டாம். யாராவது தொட்டிருப்பார்கள், அந்தப் புத்தகத்தைப் போட்டதே நீங்கள் அனுப்புகிற பதிப்பகமாக இருக்கும்.

கோப்புக்குப் பெயர் வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ‘நாவல் பைனல் புதுசு 3’ என்ற பெயரில் எங்களிடம் எத்தனையோ கோப்புகள் இருக்கின்றன. நாவலின் தலைப்பும் உங்கள் பெயரும் கோப்பின் பெயரிலேயே இருக்கட்டும்.

கதைச்சுருக்கத்தில் முடிவைச் சொல்லலாமா?

சொல்லியே ஆக வேண்டும். ‘அவள் என்ன முடிவெடுத்தாள் என்பதே மீதிக் கதை’ என்று எழுதுவது பின்னட்டைக்குப் பொருந்தும்; பதிப்பாளருக்கு அது எரிச்சல். ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரை. கிளைக்கதைகள் வேண்டாம். முக்கியமான மூன்று, நான்கு பேரைத் தவிர மற்றவர்களைப் பெயர் சொல்லாமல் ‘அண்ணன்’, ‘வட்டிக்காரர்’ என்று குறிப்பிட்டால் போதும்.

பிரபல எழுத்தாளரிடம் அணிந்துரை வாங்கி இணைத்தால் மதிப்புக் கூடுமா?

கூடாது. அணிந்துரை பக்கம் பக்கமாக இருந்தால் அதைத் தள்ளிவிட்டு நாவலுக்குப் போவேன், எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். புத்தகம் ஏற்கப்பட்ட பிறகு அணிந்துரை வேண்டுமா, யாரிடம் கேட்பது என்று பதிப்பகத்தோடு பேசி முடிவு செய்யலாம். முன்னுரை, நன்றியுரை, சமர்ப்பணம் எல்லாமும் அப்போதுதான். நாவல் 180 பக்கம், அதற்கு முன்னால் நாலு பேர் எழுதிய உரை 40 பக்கம் என்று பிரதிகள் வருவது நம் ஊரில் மட்டும் நடக்கும் கூத்து.

ஒரே நேரத்தில் நாலைந்து பதிப்பகங்களுக்கு அனுப்பலாமா? பதில் வர எவ்வளவு நாளாகும்?

அனுப்பலாம், ஆனால் மற்றவர்களுக்கும் அனுப்பியிருப்பதைச் சொல்லிவிடுங்கள். ஓரிடத்தில் ஏற்றுக்கொண்டால் அன்றைக்கே மற்றவர்களுக்குத் தெரிவியுங்கள். ஒரே மின்னஞ்சலில் எல்லாருடைய முகவரியையும் போட்டு அனுப்புவது மட்டும் வேண்டாம். அதைத் திறக்கிற எல்லோருமே ‘மற்றவர் பார்த்துக்கொள்வார்’ என்று மூடிவிடுவார்கள்.

பதிலுக்கு மூன்று மாதம் காத்திருந்து, ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்குப் பிறகும் மௌனம் என்றால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். நம் பதிப்பகங்களில் பெரும்பாலானவை மூன்று நான்கு பேர் சேர்ந்து நடத்துபவை, நிராகரிப்புக் கடிதம் எழுத ஆள் இருக்காது. இது சரியான பழக்கம் இல்லை, ஆனாலும் நிலவரம் அப்படித்தான்.

என் கதையை யாராவது திருடிவிட்டால்?

முதல் நாவலாசிரியர்களுக்கு இந்தப் பயம் அதிகம், நடப்பது அரிது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி நீங்கள் எழுதியதுமே உரிமை உங்களுடையது. பதிவு செய்வது கட்டாயம் இல்லை. மனம் கேட்காவிட்டால் டெல்லியில் உள்ள பதிப்புரிமை அலுவலகத்தில் இணையவழி விண்ணப்பித்துப் பதிவு செய்துகொள்ளலாம். வரைவுகளைத் தேதியோடு சேமித்து வைப்பதும், மின்னஞ்சலில் அனுப்பியதன் தடயமும் நடைமுறையில் போதும்.

நாவலில் சினிமாப் பாட்டு வரிகள் வருகின்றன. பிரச்சினையா?

டீக்கடை வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தது என்று அதன் முதல் இரண்டு மூன்று சொற்களைச் சொல்வதற்கு யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. சரணம் முழுவதையும் எடுத்துப் போட்டால் உரிமையாளரின் அனுமதி வேண்டும். எழுதியவர் இறந்து 60 ஆண்டு ஆகியிருந்தால் தடையில்லை. பாரதியார் பாடலை எடுத்தாளலாம். போன வருடப் படத்துப் பாட்டை எடுத்தாள முடியாது. என் கருத்தைக் கேட்டால், பாட்டின் உணர்ச்சியைக் கடன் வாங்காமல் அந்தக் காட்சி நிற்கிறதா என்று வரிகளை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

பிரதிலிபி இணையதளத்தில் தொடராக எழுதியது, கிண்டிலில் மின்நூலாகப் போட்டது. இனி பதிப்பகம் ஏற்குமா?

ஏற்பவர்களும் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. மறைக்காமல் சொல்லிவிடுவதுதான் முக்கியம். கிண்டிலில் ‘கேடிபி செலக்ட்’ திட்டத்தில் சேர்ந்திருந்தால் 90 நாளைக்கு மின்வடிவத்தை வேறெங்கும் தர முடியாது. அது தானாகவே புதுப்பிக்கப்படும் என்பதால் போய் நிறுத்த வேண்டும். தொடராக வந்ததில் இன்னொரு வேலையும் இருக்கிறது. வாராவாரம் வாசகரைத் திரும்ப வரவழைக்க ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் ஒரு திடுக்கிடல் வைத்திருப்பீர்கள். புத்தகமாக ஒரே மூச்சில் படிக்கும்போது அது அலுப்புத் தட்டும். முந்தைய வாரத்தை நினைவுபடுத்தும் பத்திகளையும் சேர்த்து நீக்குங்கள்.

வெளிவராத நாவல்களுக்கான போட்டிகளுக்கு அனுப்புவதாக இருந்தால் விதியை முதலில் படியுங்கள். இணையத்தில் ஓர் அத்தியாயம் வந்திருந்தாலும் சிலவற்றில் தகுதி போய்விடும்.

பதிப்பகம் பணம் கேட்கிறது. கொடுக்கலாமா?

அதிகம் பேர் தணிந்த குரலில் கேட்கிற கேள்வி இது.

பணம் வாங்கிக்கொண்டு புத்தகம் அச்சிட்டுத் தருவது ஒரு தொழில். அதில் தப்பில்லை. ஊரில் தாத்தாவின் நினைவுகளை நூறு பிரதி போட்டு உறவினர்களுக்குக் கொடுக்க நினைப்பவருக்கு அது உதவி. தப்பு எங்கே வருகிறது என்றால், அச்சிட்டுத் தருகிறவர் தன்னைப் பதிப்பாளர் என்று சொல்லிக்கொண்டு, ‘உங்கள் நாவல் தேர்வாகியிருக்கிறது, சிறு பங்களிப்பு மட்டும்’ என்று ஆரம்பிக்கும்போது. அந்தப் பங்களிப்பைக் கூட்டிப் பார்த்தால் மொத்த அச்சுச் செலவும் உங்கள் தலையில் இருக்கும், லாபமும் அதிலேயே எடுக்கப்பட்டிருக்கும். புத்தகம் விற்றால் என்ன, விற்காவிட்டால் என்ன, அவருக்குக் கவலை இல்லை.

‘பணம் வேண்டாம், 150 பிரதியை மட்டும் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்’ என்பது இதன் மறுவடிவம். ஒரு காலத்தில் முதல் பதிப்பு என்றால் 1,200 பிரதி அடிப்பார்கள். இப்போது தேவைக்கேற்ப அச்சிடும் வசதி வந்துவிட்டதால் பல நாவல்கள் இருநூறு, முந்நூறு என்றுதான் தொடங்குகின்றன. அதில் 150 உங்கள் வீட்டுப் பரணில் என்றால், மீதி எங்கே போகிறது என்று கேளுங்கள். எந்தக் கடைகளில் வைப்பீர்கள், கண்காட்சியில் சொந்த அரங்கு உண்டா, கையிருப்பு யாரிடம், செப்பனிடுவது யார் என்று வரிசையாகக் கேளுங்கள். ‘ஐஎஸ்பிஎன் வாங்கித் தரத் தனிக் கட்டணம்’ என்றால் அங்கேயே எழுந்துவிடலாம். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை புத்தகத்துக்கான அந்த அடையாள எண்ணை இலவசமாகத்தான் தருகிறது.

எழுத்தாளர் தள்ளுபடி விலையில் ஆசைக்கு இருபது, முப்பது பிரதி வாங்கிக்கொள்வது வேறு விஷயம், அது எல்லா இடத்திலும் உண்டு. முதல் நாவலுக்கு எவருக்கும் பணம் கொடுக்க வேண்டாம் என்பதுதான் என் நிலைப்பாடு. கையில் காசு இருந்து செலவு செய்தே தீருவேன் என்றால், நல்ல செப்பனிடுபவர் ஒருவருக்குக் கொடுத்துப் பிரதியைச் சரி செய்துகொள்ளுங்கள். இது என் தொழிலுக்கு விளம்பரம் மாதிரி இருக்கிறது, இருந்தாலும் உண்மை.

ராயல்டி எவ்வளவு வரும்? ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

அச்சுப் புத்தகத்துக்கு விலையில் 10 சதவீதம் என்பது வழக்கமான பேச்சு. 400 ரூபாய் நாவல் 300 பிரதி விற்றால் 12,000 ரூபாய். வேலையை விட்டுவிடலாமா என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கே பதில். அந்த 10 சதவீதம் அச்சிட்ட விலையிலா, கழிவு போக வந்த தொகையிலா, அச்சிட்டதற்கா, விற்றதற்கா, கணக்கு ஆண்டுக்கு எத்தனை முறை என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

தமிழில் இன்னும் பல புத்தகங்கள் வாய்ப்பேச்சில்தான் வெளியாகின்றன. ‘நமக்குள்ள எதுக்குங்க அதெல்லாம்’ என்பார்கள். சிரித்துக்கொண்டே கேட்டு வாங்குங்கள். சட்டப்படி உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடுதான் செல்லும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத பட்சத்தில், அது காலாவதியாகிவிடும்.

‘அனைத்து உரிமைகளும் பதிப்பகத்துக்கே’ என்ற ஒற்றை வரியில் கையெழுத்துப் போடாதீர்கள். அச்சு, மின்நூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் என்று தனித்தனியாக இருக்கட்டும். திரைப்பட உரிமையை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். புத்தகம் கையிருப்பில் இல்லாமல் ஓராண்டு போனால் உரிமை உங்களுக்குத் திரும்பும் என்றும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் ஐம்பது பக்கம் வெட்டச் சொல்கிறார்கள். என்ன செய்ய?

முதலில், அவர்கள் படித்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்படுங்கள். பிரதியை அப்படியே வாங்கி அச்சுக்கு அனுப்புகிற இடங்கள்தான் அதிகம். எந்த ஐம்பது பக்கம், ஏன் என்று கேட்டு, இரண்டு நாள் பதில் எழுதாமல் இருங்கள். அப்புறம் கோப்பின் நகல் ஒன்றில் வெட்டிப் பாருங்கள். மூலக் கோப்பு பத்திரமாக இருக்கட்டும். பெரும்பாலும் முப்பது பக்கம் வலிக்காமல் போய்விடும்; மீதி இருபதுக்காக வாதாடலாம், காரணத்தோடு வாதாடினால் விட்டுக்கொடுப்பார்கள்.

வெட்டிய பிறகு முதலில் எழுதிய காலக்கணக்குத் தாளை எடுத்து ஒருமுறை ஒத்துப்பாருங்கள். போன ஐம்பது பக்கத்தில் செத்துப்போன சித்தப்பா, இருநூறாம் பக்கத்துக் கல்யாணத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருப்பார்.